ஒளியில் மறைந்த முகம்

நம் வீட்டுச் சுவர்களில் படம் மாட்டுவதென்றால் பெரியவர்களுக்கு என்றும் ஒரு தயக்கம் உண்டு. கஃபத்துல்லாஹ்வின் படம், மதீனாப் பள்ளியின் பச்சைக் குவிமாடம், அழகிய எழுத்தில் ஆயத்துல் குர்ஸி, ஆண்டுதோறும் மாறும் கடை நாட்காட்டி ஆகியவற்றோடு நம் சுவர்கள் நிறைவு கண்டுவிடும். உயிருள்ளவற்றின் உருவத்தைத் தவிர்க்கும் பேணுதல் தலைமுறை தலைமுறையாக வந்தது. படம் தீட்டியே பிழைத்துவந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டபோது, செய்தே ஆகவேண்டுமாயின் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டியதாகப் புகாரி ஷரீபில் காண்கின்றோம். அந்த வழிகாட்டுதல் திறந்துவைத்த வாசல் வழியாகத்தான், நம் பிள்ளைகளின் அறைகளுக்குள் மோட்டார் வண்டிப் படங்கள் நுழைந்தன. இரும்புக்கு ஏது உயிர்? ஆகவே தடை சொல்வாரும் இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் நண்பர் ஒருவர் இல்லத்தில் அப்படி ஒரு படத்தை நாம் கண்டோம். பழங்காலப் பந்தயக் கார்கள் இரண்டு, மழை விட்ட மாலையில் ஒரு வளைவைக் கடக்கும் காட்சி. வண்ண அச்சுப்படிதான்; சட்டத்துக்கு ஏற்றவாறு ஓரத்தை வெட்டியதில் ஓவியர் பெயரும் போய்விட்டது. நாம் அதன் முன் நின்று வியந்துகொண்டிருந்தபோது, நண்பரின் தாயார் தஸ்பீஹ் மணியை உருட்டியவாறே கூறினார்:

"உருவம் இல்லாத படம்னு சொல்லித்தான் பேரன் மாட்டினான். கிட்டப் போய்ப் பாருங்க தம்பி, உள்ளே ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். அவனுக்கு முகம்தான் இல்லை."

ஓவியம் பற்றி நாம் படித்த நூல்கள் பலவற்றினும் அந்த அம்மையாரின் சொற்கள் ஆழமாகப் பதிந்தன. அவர் சுட்டிய குறை அந்தப் படத்துக்கு மட்டும் உரியதா, அல்லது வேகத்தை வரையப் புகுந்த கலை முழுவதற்கும் உரியதா என்ற வினா அன்று எழுந்தது. அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரும்புக்கு உயிர் தரும் ஒளி

முதலில் படத்தையே பார்ப்போம். மேகத்தின் அடிவிளிம்புக்கும் தொடுவானுக்கும் இடையே ஒரு கீற்றாகக் கதிரவன் தெரிகின்றான். அவன் வண்டிகளுக்குப் பின்னால் நிற்கின்றான். ஆகவே நம்மை நோக்கி வரும் முகப்புகள் நிழலில் இருக்கின்றன. விளிம்புகள் மட்டும் பொன்கோடிட்டாற்போல ஒளிர்கின்றன. ஈரமான சாலை அந்தப் பொன்னை வாங்கித் திருப்பித் தருகிறது. முன்னே வருவது பச்சை வண்டி. பின்னே துரத்துவது சிவப்பு வண்டி. வேடிக்கை பார்ப்போர் கூட்டம் சாலையோரத்தில் ஒரு பழுப்புத் தீற்றலாகக் கரைந்துள்ளது.

இந்த ஒளி தென்சென்னைப் புறநகரில் வாழ்வோருக்குப் புதியதன்று. ஐப்பசி மழை ஓய்ந்த மாலையில், மஃரிப் பாங்குக்குச் சற்று முன், பல்லாவரத்திலிருந்து தாம்பரம் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் வருவோர் இதைக் காணாமல் இருக்கமுடியாது. திரிசூலத்துக் குன்றுகள் ஒரு பக்கம் இருண்டு நிற்க, மறுபக்கம் சாலை முழுதும் செம்பொன் உருக்கி ஊற்றியதுபோல் மின்னும். தாழ்ந்த கதிரவனின் ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருவதால், வழியில் நீலம் சிதறிப்போகச் செம்மையும் பொன்மையுமே மிஞ்சுகின்றன. அந்த ஒளியில் நகரப் பேருந்துகூட ஒரு கணம் காவியப் பொருளாகிவிடும்.

ஓவியர் அறிந்த மறைபொருள் இதுவே. பளபளக்கும் உலோகத்துக்குத் தனக்கென்று நிறம் கிடையாது. மேற்பாதியில் வானத்தையும் கீழ்ப்பாதியில் தரையையும் வாங்கிக் காட்டும். இரண்டும் சந்திக்குமிடத்தில் ஒரு கருங்கோடு ஓடும். மேலே நீலமும் கீழே பழுப்பும் நடுவே அந்தக் கோடும் இட்டுவிட்டால், துணியில் தீட்டிய வண்ணம் உலோகமாகிவிடுகிறது. இதிலும் காலம் பார்க்கவேண்டும். நம் குரோம்பேட்டைக்குப் பெயர் கிடைக்கக் காரணமான அதே குரோமியம், கார்களின் மீது பூச்சாக ஏறியது 1920களின் இறுதியில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் பித்தளையும் நிக்கலுமே மின்னின. 1934இல் பிரிட்டனில் தோன்றிய பழங்கார் சங்கம், 1919 முதல் 1930 முடியச் செய்யப்பட்டவற்றையே 'விண்டேஜ்' என்று வரையறுத்தது. அக்கால வண்டியை வரைபவர் குரோமியத்தின் குளிர்ந்த நீலவெண்மையை அதன்மேல் பூசினால், நுட்பமறிந்தோர் உடனே கண்டுகொள்வர். நாம் கண்ட படத்தின் ஓவியர் இதில் தவறவில்லை. அவர் தீட்டிய பித்தளை வெதுவெதுப்பான பித்தளையாகவே இருந்தது.

நிறங்களிலும் ஒரு வரலாறு உண்டு. அந்நாளில் பந்தயக் கார்கள் நாட்டின் நிறத்தைப் பூண்டு ஓடின. பிரான்சு நீலம், இத்தாலி சிவப்பு, பிரிட்டன் பச்சை, ஜெர்மனி வெள்ளை என்பது வழக்கம். ஓவியருக்கு இவற்றுள் மிகக் கடினமானது பச்சை. மரஞ்செடிகளின் பச்சையில் அது மறைந்துவிடும். அதனால்தான் நம் ஓவியர் மாலை வேளையைத் தேர்ந்தார் போலும். வயலும் மரமும் கருமையில் ஆழ்ந்தபின், பச்சை வண்டியின் விளிம்பில் ஓடும் பொற்கோடு அதனைத் தனியே பிரித்துக் காட்டிவிடுகிறது.

இவ்வளவு நுட்பமும் எதற்குப் பயன்பட்டது? இரும்பு உயிர் பெற்றது. வண்டி பாய்கிறது, மூச்சு வாங்குகிறது, சீறுகிறது என்றெல்லாம் சொல்லத் தோன்றுகிறது. ஓட்டுகிறவனோ கண்ணாடிக் கவசத்தில் இரு ஒளிப்புள்ளிகளாகச் சுருங்கிவிட்டான். உயிரற்ற பொருளுக்கு உயிர் ஊட்டிய அதே ஒளி, உயிருள்ளவனிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டது. அம்மையார் கண்டது இதைத்தான்.

வேகத்தை வரைந்தவர்கள்

வேகத்தை வரைய முடியுமா? துணியில் தீட்டிய வண்டி ஓடாது. நின்ற இடத்தில்தான் நிற்கும். ஆகவே வேகத்தை வண்டியில் தேடாமல், அதைச் சூழ்ந்த காற்றிலும் தூசியிலும் ஒளியிலும் தேட ஓவியர்கள் கற்றுக்கொண்டனர். இதற்கு முன்னோடி ஆங்கில ஓவியர் டர்னர். 1844இல் அவர் காட்சிக்கு வைத்த 'மழை, நீராவி, வேகம்' என்னும் ஓவியத்தில், தேம்ஸ் நதிப் பாலத்தின் மீது ஒரு ரயில் வருகிறது. மழையும் புகையும் பொன்னொளியும் கலந்த மூட்டத்தில் எஞ்சினின் கரிய முகம் மட்டும் தெளிவாகத் தெரியும். உற்றுநோக்கினால் தண்டவாளத்தில் எஞ்சினுக்கு முன்னே ஒரு முயல் உயிருக்கு ஓடுவதைக் காணலாம். வேகத்தைப் புகழ வந்த படத்தில், அந்த வேகத்தின் முன் ஓடும் ஒரு சிற்றுயிரையும் டர்னர் மறக்கவில்லை. அந்த முயலை நாமும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

கார்ப் பந்தயம் பிறந்தபின், பிரான்சில் எர்னெஸ்ட் மோன்டோ என்பவர் 1909இல் மறையும்வரை பந்தயக் காட்சிகளைக் கல்லச்சுப் படங்களாக வெளியிட்டார். வெட்டுத்தகடு வைத்துக் கையால் வண்ணமிட்ட படங்கள் அவை. வண்டியின் பின்னே கோடுகளை இழுத்து, சக்கரங்களை முட்டை வடிவில் சாய்த்து, வேகத்தைக் கண்ணுக்குக் காட்டும் வழக்கம் அவரால் பரவியது. இன்று நம் குழந்தைகள் படிக்கும் சித்திரக்கதைகளில் ஓடுகிறவனுக்குப் பின்னே கோடு இழுப்பதும் அந்த மரபின் வழிவந்ததே. 1910களின் தொடக்கத்தில் லார்த்தீக் என்னும் பிரெஞ்சு இளைஞர் எடுத்த பந்தயப் புகைப்படம் ஒன்றிலும் இதே சாய்வு தானாக அமைந்துவிட்டது. அக்காலக் கேமராவின் திரை ஒரு பிளவாக மெல்ல நகர்ந்து ஒளியை உள்ளே விட்டது. திரை நகர்வதற்குள் சக்கரம் முன்னே சென்றுவிட, வட்டம் முட்டையாயிற்று. கேமராவையும் வண்டியோடு திருப்பியதால் நின்றிருந்த மனிதர்கள் எதிர்ப்புறம் சாய்ந்தனர். வண்டி ஒரு பக்கம், மக்கள் மறுபக்கம்! இயந்திரத்தின் பிழை, ஒரு நூற்றாண்டின் உண்மையைக் கூறிவிட்டது எனலாம்.

அடுத்து வந்தோர் இத்தாலியின் எதிர்காலவாதிகள். 1909 பிப்ரவரி 20ஆம் நாள் பாரிஸ் நகரின் 'லெ ஃபிகாரோ' நாளிதழில் மரினெத்தி தம் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். பண்டைக் கிரேக்கரின் புகழ்பெற்ற வெற்றித் தேவதைச் சிலையினும் உறுமிப் பாயும் பந்தயக் காரே அழகியது என்பது அவர் முழக்கம். அந்த அறிக்கையின் முற்பகுதியில் அவரே ஒரு விபத்தையும் வருணிக்கின்றார். எதிரே வந்த இரு மிதிவண்டிக்காரர்களுக்காக வண்டியைத் திருப்பியதில், அது சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்ததாம். மிதிவண்டிக்காரர் மேல் அவர் கொட்டுவது எரிச்சலை. பள்ளத்துச் சேற்றின் மேல் அவர் பொழிவது பரவசத்தை! ஜி.எஸ்.டி. சாலையில் சைக்கிள் மிதித்து வேலைக்குச் செல்லும் தகப்பனார்களைப் பெற்ற நமக்கு, இந்த அழகியல் யாருடைய தோள்மீது ஏறி நிற்கிறது என்பது எளிதில் விளங்கும்.

அவ்வணியைச் சேர்ந்த ருஸ்ஸோலோ 1912–13இல் தீட்டிய 'காரின் இயக்கம்' பாரிஸின் பொம்பிடு மையத்தில் உள்ளது. கருநீல இரவைக் கிழித்துச் செந்நிற அம்புமுனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குத்தி நிற்க, அவற்றின் நெரிசலில் காரின் வடிவம் பிதுங்கித் தெரிகிறது. வேகம் காற்றை நெருக்கும் விதத்தை இத்தனை வலிமையாகக் காட்டிய படம் வேறொன்று உண்டா என்பது ஐயமே. ஆயினும் அந்தச் சிவப்பு எங்கிருந்தும் வரும் ஒளியன்று. காலையும் அன்று, மாலையும் அன்று. அதில் வேளை இல்லை, ஊர் இல்லை, ஓட்டுகிறவனும் இல்லை. கலைத்திறனில் உயர்ந்த படம். உள்ளத்தின் ஈரத்தில் வறண்ட படம் என்றே நாம் கருதுகின்றோம்.

பக்கத்தில் அமர்ந்தவன்

இதற்கு மாறான வழியொன்றும் உண்டு. புதுமை பேசாத, கலைவரலாற்று நூல்கள் பெரிதும் பொருட்படுத்தாத இருவரை இங்கே குறிப்பிடவேண்டும்.

ஒருவர் அமெரிக்காவின் பீட்டர் ஹெல்க் (1893–1988). 1906இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் நடந்த வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயத்தைச் சிறுவனாகக் கண்டவர். அன்று ஓடிய லோகோமொபைல் வண்டி ஒன்று, அதே கோப்பையை 1908இல் வென்றது. 1941இல் அந்த வண்டியையே விலைக்கு வாங்கித் தம் இறுதிநாள்வரை போற்றிவந்தார். சிறுவயதில் கண்ட விடியலை வாழ்நாள் முழுதும் வரைந்தவர் அவர் எனலாம். அவருடைய படங்களில் காலை ஒளி புழுதியில் புகுந்து பரவுகிறது. மண்சாலை, வேலி, மரம், கயிறு தாண்டி எட்டிப் பார்க்கும் கூட்டம் என எல்லாவற்றுக்கும் அவ்வொளி பங்கிட்டுக் கொடுக்கப்படுகிறது. வண்டிக்கென்று தனி ஒளி கிடையாது.

இன்னொன்றும் காணத்தக்கது. அக்காலப் பந்தய வண்டியில் இருவர் அமர்வர். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் மெக்கானிக். கையால் எண்ணெய் பம்பை இயக்குவதும், டயரைக் கவனிப்பதும், பின்னே வருவது யாரென்று திரும்பிப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. கவிழ்ந்தால் சாவில் சமபங்கு. வென்றால் பெயரில் பங்கில்லை. 1920களின் நடுவில் கிராண்ட் பிரீ பந்தயங்களில் இந்த இரண்டாம் மனிதர் நீக்கப்பட்டார். ஹெல்க்கின் படங்களில் அவர் இன்றும் அமர்ந்திருக்கின்றார். பட்டறைத் தொழிலாளர் நிறைந்த நம் புறநகருக்கு அந்த மனிதர் அயலவர் அல்லர். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இயங்கிய நாள்களில், ஹெரால்டு கார்களைப் பூட்டி அனுப்பிய கைகள் நம்மிடையே இருந்தன. அந்த ஆலை 1980களின் இறுதியோடு ஓய்ந்தது. காரின் படத்தை மாட்டுவோர் பலர். அதன் மறையை முறுக்கியவனை நினைப்போர் எத்தனை பேர்?

மற்றவர் இங்கிலாந்தின் கார்டன் கிராஸ்பி (1885–1943). 'ஆட்டோகார்' வார இதழின் ஓவியர். கரிக்கோலும் வெள்ளை வண்ணமும் கொண்டு இரவையும் மழையையும் படைத்தவர். பிரான்சின் லெ மான் நகரில் இருபத்துநான்கு மணி நேரம் இரவுபகலாக நடக்கும் ஓட்டத்தை அவர் வரைந்த விதம் தனி. அதே இதழில் எழுதிவந்த சாமி டேவிஸ் என்பவரும் அந்தப் பந்தயத்தில் வண்டி ஓட்டினார். 1927ஆம் ஆண்டுப் பந்தயத்தில், இருள் கவியும் வேளையில், ஒரு வளைவில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் குவிந்தன. சாலையில் சிதறிக்கிடந்த மண்ணையும் மரச்சிம்புகளையும் கண்டு முன்னே ஏதோ தீங்கு என்று உணர்ந்த டேவிஸ், வேகத்தைத் தணித்தமையால் உயிர் தப்பினார். அவருடைய பென்ட்லி வண்டியும் மோதி நசுங்கி, முகப்பு விளக்குகளுள் ஒன்றை இழந்தது. எஞ்சிய ஒற்றை விளக்கோடும், கட்டிவைத்த ஒரு கைவிளக்கோடும், அந்த நசுங்கிய வண்டி விடியும்வரை ஓடி வெற்றியும் பெற்றது.

இந்நிகழ்ச்சியில் கலைக்கும் ஒரு பாடம் உண்டென்று கருதுகின்றோம். தரையில் கிடந்த சிறு தடயத்தைக் கண்ட கண்தான் அங்கே உயிர் காத்தது. ஒளியின் பணி காட்டுவது. சூரத்துந் நூரில் வல்ல இறைவன் கூறும் உவமையும் மாடத்தில் அமைந்த விளக்கு அன்றோ? கண்ணாடிக்குள் அமைதியாக எரிந்து, சூழ்ந்தவற்றைத் துலக்கும் விளக்கு அது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அந்த ஒரு வசனத்தை முன்வைத்தே 'மிஷ்காத்துல் அன்வார்' என்னும் நூலை யாத்தார்கள். ஒரு படத்தில் ஒளி எதைத் துலக்குகிறது, எதை மூடுகிறது என்று கேட்பதே அதனை மதிப்பிட நமக்குக் கிடைக்கும் உரைகல்.

நிழலில்லாத வெளிச்சம்

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் நிறம் மாறும் படங்கள் பல. 1930களில் மொனாகோ பந்தயத்துக்காக ஜியோ ஹாம் வரைந்த சுவரொட்டிகள் உலகப் புகழ் பெற்றவை. நீலக் கடல், வெண்மாடங்கள், கண்ணைப் பறிக்கும் வெயில், சரேலென வளையும் வண்டி என அவை நம்மைக் கவர்வது உண்மை. ஆனால் சுவரொட்டியின் வெயிலில் புழுதி இல்லை; களைப்பு இல்லை; அச்சமும் இல்லை. விற்பதற்கென்று ஏற்றிய வெயில் அது.

1934 முதல் ஜெர்மானிய வண்டிகள் வெள்ளையைக் களைந்து வெள்ளி நிறம் பூண்டன. ஓவியருக்கு வெள்ளி ஒரு வரம். வானத்தின் எந்த நிறத்தையும் அது அணிந்துகொள்ளும். அந்த வெள்ளி வண்டிகளுக்குப் பின்னே நாஜி அரசின் பணமும் பறைசாற்றலும் இருந்தன. அவற்றுள் ஒன்றை ஓட்டிய ரோஸ்மேயர் 1938 ஜனவரியில் நெடுஞ்சாலையில் சாதனை முயற்சியின்போது மாண்டார். அவ்வண்டிகளை வெறும் அழகாகத் தீட்டும் படங்கள் இன்றும் வந்தவண்ணம் உள்ளன. அந்த மினுமினுப்பில் ஒரு கொடுங்கோல் அரசின் முகம் மறைந்துபோகிறது.

சாவும் மறைந்துபோகிறது. 1903 மே மாதம் பாரிஸிலிருந்து மாட்ரிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயம், சாலைப் புழுதி கண்ணை மறைத்து, ஓட்டுநரும் வேடிக்கை பார்த்தோருமாகப் பலரைப் பலிகொண்டு, போர்தோ நகரிலேயே அரசால் நிறுத்தப்பட்டது. மாண்டவருள் ரெனோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரருள் ஒருவரான மார்செல் ரெனோவும் ஒருவர். 1955 ஜூன் 11 மாலை லெ மானில் ஒரு வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பந்தயமோ மறுநாள்வரை தொடர்ந்தது. 1957இல் இத்தாலியின் 'மில்லே மில்யா' ஓட்டத்தில் சாலையோரம் நின்ற ஒன்பது பேர் இறந்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். நாம் கண்ட படத்தில் பழுப்புத் தீற்றலாகக் கரைந்திருந்த கூட்டத்தை இப்போது எண்ணிப் பாருங்கள். அந்தத் தீற்றலுக்குள் எத்தனை பிள்ளைகள்!

நம் நாட்டுக்கும் இது தொலைவான செய்தியன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. பின்னர், 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே களம் அமைந்தது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் சாலையில் இரவுப் பந்தயமே நடந்தது. மின்வெள்ளத்தில் இரவு பகலாயிற்று. ஓட்டுகிறவர் பாதுகாப்புக்கு அத்தகைய வெளிச்சம் இன்றியமையாதது; அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஓவியனுக்கோ நிழலின்றி உணர்ச்சி இல்லை. எங்கும் ஒரே வெளிச்சமாயின் எதைப் பார்ப்பது, எதற்கு இரங்குவது என்று கண் தடுமாறும்.

குதிரைகளின் புழுதி

பந்தயத்தையே நாம் பழிப்பதாக யாரும் கருதிவிடவேண்டாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நெடுந்தொலைவும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுந்தொலைவும் வகுத்தார்கள். உயிரின் ஆற்றலறிந்து எல்லை வகுத்த பந்தயம் அது. அண்ணலாரின் ஒட்டகமான அள்பா எவராலும் முந்தப்படாதது என்று பெயர் பெற்றிருந்தது. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவரின் ஒட்டகம் அதனை முந்திவிட்டது. தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்துவிட்ட எதையும் தாழ்த்தியே தீருவது அல்லாஹ்வின் நியதி என்று அவர்களுக்கு உணர்த்தினார்கள் நாயகம். தோல்வியின் முன் காட்டிய அந்த அமைதியைத் தீட்ட வல்ல ஓவியன் எவனோ, அவனே பந்தயத்தின் முழு உண்மையை உணர்ந்தவன்.

திருமறையின் நூறாவது அத்தியாயமான அல்ஆதியாத்தை நம்மில் பலர் சிறுவயதிலேயே ஓதிப் பழகியவர்கள். அதன் தொடக்கத்தில் மூச்சிரைக்கப் பாயும் குதிரைகள் மேல் ஆணையிடப்படுகிறது. குளம்பில் தெறிக்கும் தீப்பொறி, அதிகாலை வேளை, கிளம்பும் புழுதி, கூட்டத்தின் நடுவே புகும் பாய்ச்சல் எனச் சில சொற்களில் ஒளியும் வேகமும் நிறைந்த காட்சியொன்று விரிகிறது. வேகத்தைக் காட்ட உலகத்து ஓவியர் பின்னாளில் தேடியலைந்த கருவிகளான பொறியும் புழுதியும் விடியலும் அங்கே முன்னரே அமைந்துள்ளன. ஆனால் அந்த அத்தியாயம் காட்சியோடு நின்றுவிடவில்லை. திடீரெனத் திரும்பி மனிதனை நோக்குகிறது. இறைவனுக்கு அவன் காட்டும் நன்றிகேட்டையும், பொருளின்மேல் அவன் கொண்ட கடும் பற்றையும், நெஞ்சங்களில் உள்ளவை வெளிப்படுத்தப்படும் நாளையும் நினைவூட்டி முடிகிறது. மனிதனைப் பற்றிய கேள்வியில் கொண்டு சேர்க்கும் இந்தத் திருப்பம்தான் வேகத்தின் ஓவியங்கள் பலவற்றில் நிகழாமல் போகிறது.

வண்டி போனபின்

எதிர்காலவாதிகளுள் ஒருவரான ஜாக்கோமோ பால்லா மட்டும், தாம் அறிந்தோ அறியாமலோ, அந்தத் திருப்பத்தின் விளிம்புவரை வந்தார் எனலாம். 1913இல் அவர் தீட்டி, இன்று லண்டன் டேட் கலைக்கூடத்தின் உடைமையாக உள்ள ஓவியத்தின் பெயரிலேயே கார் கடந்துபோய்விட்டது என்ற செய்தி அடங்கியுள்ளது. அதில் கார் இல்லை! பசுநிலமும் நீலவானும் வளைவுகளாக அசைகின்றன. இளஞ்சிவப்பாகப் புகையின் சுவடு மட்டும் மிதக்கின்றது. இரைச்சல் அடங்கி, நிலம் தன் அமைதிக்குத் திரும்பும் கணம் அது. வேகத்தை வழிபட்ட கூட்டத்திலிருந்து பிறந்த படங்களுள், அதன் முடிவைக் காட்டும் படமாக இது நம் கண்ணில் படுகிறது.

அந்த வெறுமையை நம் வட்டாரத்துக் குடும்பங்கள் சில அறியும். நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடும் இளைஞர்களைப் பற்றி நாளிதழ்களில் படிக்கின்றோம். தலைக்கவசம் அணிந்தவனுக்கும் முகம் தெரிவதில்லை. பாய்ந்து செல்லும் விளக்கின் கீற்றுத்தான் தெரிகிறது. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று, வண்டி போனபின்தான் ஊர் கேட்கிறது. சுவரில் தொங்கும் படம் எவனையும் சாலைக்குத் துரத்துகிறது என்று நாம் சொல்லவரவில்லை. முகமில்லாத வேகத்தை அழகென்று நாள்தோறும் பார்த்துப் பழகிய கண், சாலையில் எதிர்ப்படும் முகங்களையும் காணத் தவறிவிடுமோ என்பதே நம் கவலை.

ஆகவே அந்தப் படத்தைக் கழற்றிவிடலாமா என்று நண்பர் கேட்டபோது, வேண்டாம் என்றே கூறினோம். மார்க்கச் சட்டம் பற்றிய தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். நாம் பேசுவது கலையைப் பற்றி. அந்தப் படம் ஒளியால் சிறந்தது. அதன் பித்தளை மெய்யான பித்தளை. அதன் மாலை மெய்யான மாலை. குறை ஒன்றே: உள்ளே இருப்பவனை அது மறந்தது. அந்தக் குறையைப் பார்ப்பவர் நிரப்பலாம். பேரனை அருகே நிறுத்தி, "இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவன் யார்? அவன் உம்மா எங்கே காத்திருக்கிறாள்? ஓரத்தில் நிற்கிறவர்கள் யார்?" என்று கேட்டுவிட்டால் போதும். டர்னரின் முயலை அவனும் கண்டுகொள்வான்.

அன்று விடைபெறும்போது மஃரிப் பாங்கு ஒலித்தது. சாளரம் வழியே விழுந்த மாலைக்கீற்று, படத்தின் கண்ணாடிமேல் ஒரு கணம் தங்கியது. ஓட்டுகிறவன் இருந்த இடத்தில், ஒளு செய்துவிட்டு வந்து நின்ற பேரனின் முகம் கண்ணாடியில் தெரிந்தது. அம்மையாரும் அதைக் கண்டார், ஒன்றும் கூறவில்லை. தொழுகை விரிப்பை விரித்தார்.